ஏழாம் பிரிவு

கையெழுத்துப் போட்டபோது அந்தத் தாளை
நான் வாசிக்கவில்லை.
வாசிக்க முடியாததால்தானே போனேன்.
"இங்கே, இங்கே, இதிலும்" என்று
தாதி விரல் வைத்த இடமெல்லாம் ஒப்பமிட்டேன்.

எட்டு வருடம், மருந்துக்கடையில்
மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் நடுவே
நெற்றியில் ஒன்று, கழுத்தில் ஒன்று, காரில் ஒன்று.
மூன்றும் கைவசம் இருக்க
ஒருநாள் கண்ணாடியைத் தேடி அழுதேன்.

முதலில் வலது. பத்து நாள் கழித்து இடது.
வில்லையை மாற்ற
இரண்டு பாட்டு நேரம்கூட ஆகவில்லை.
கடன்தான் பங்குனிக்குப் பங்குனி மூன்று முறை.

பிறகு கிடைத்ததையெல்லாம் வாசித்தேன்:
கெச்சப் பாக்கெட்டின் முதுகை,
லிப்ஸ்டிக்கின் அடியில் அந்த நிறத்தின் பெயரை,
பல்பில் பொறித்த வாட்டை.
குலேந்திரனின் இமையில் ஒரே ஒரு நரை,
அவருக்கே தெரியாது.
கடைசியில், டிராயரில் கிடந்த அந்தத் தாளை.

ஏழாம் பிரிவு. எறும்பு எழுத்து.
இரவில் விளக்குகளைச் சுற்றி
வளையங்கள் தெரியலாம்.
சிலருக்கு அவை போகாமலும் இருக்கலாம்.
கீழே என் பெயர்,
கோட்டை விட்டு இறங்கி, கோணலாக.

எட்மன்டனில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
வேலை முடிந்து வெளியே வந்தால்
தெருவிளக்கு ஒவ்வொன்றும்
ஒரு வட்டத்துக்குள் நிற்கிறது.

கார்க் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்:
"உங்களுக்கும் தெரியுதோ?"
"பனித்தூள் பறந்தால் அப்பிடித்தான்."
நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏப்ரல் வரைக்கும்
எது யாருடைய வளையம் என்று
நான் கேட்பதாயில்லை.