திருத்தம் இல்லாமல்

காக்கி புக்கிட்டில் ஆறாம் மாடிவரை
கார்கள் சுற்றிச் சுற்றி ஏறிவரும் கட்டடம்.
மூலைக் கடை என்னுடையது.
தரையில் இரண்டு உருளைகள், எதிரே ஆளுயர மின்விசிறி,
இழுத்துக் கட்ட நான்கு பட்டைகள், ஒரு திரை.
நின்ற இடத்திலேயே நூற்றெண்பதில் ஓடலாம்.
கேமரா கிடையாது.

இன்று மூன்று கார்கள்.
ஆலையில் முடுக்கிய திருகு அப்படியே இருக்கிறது,
கையே வைக்கவில்லை என்கிறார்கள்.
நம்புகிறேன்.
புகைக்குழாயை மட்டும் ஒருமுறை
குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.

முதலில் யோகமலரின் சாம்பல் நிறக் கார்.
தாதி. இரவு வேலை முடிந்து
உறங்காமலே வந்திருக்கிறாள்.
நான்காம் கியர், இரண்டாயிரத்திலிருந்து அழுத்துகிறேன்.
ரப்பர் வாசனை. காதடைப்பு. கோடு ஏறி, வளைந்து, நிற்கிறது.
இருநூற்று நாற்பத்தொன்று.

"புத்தகத்துல எண்பதுக்கு மேல போட்டிருக்கே அண்ணே?"
புத்தகத்தில் இருப்பது எஞ்சினின் வாய்ப்பேச்சு,
இது டயர் தரையில் வைத்த காசு.
நடுவில் கியர்ப்பெட்டி, அச்சு, எண்ணெய்
ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொள்ளும்.
சிபிஎஃப் பிடித்தது போக வருவதுதானே சம்பளம்?
சிரிக்கிறாள்.

அடுத்தது ஜுனைதி.
அதே கார், அதே வருடம்,
அதே கப்பலில் வந்திறங்கியிருக்கவும் கூடும்.
இருநூற்று ஐம்பத்திரண்டு.
அவள் சிரிப்பு நின்றுவிட்டது.
"ஒரு சர்வீஸ்கூடத் தவறவிட்டதில்ல.
பதினோரு குதிரை எங்க போச்சு?"
டயர்க் காற்று, பெட்ரோல், முதல் ஆயிரம் கிலோமீட்டரை
யார் எப்படி ஓட்டினார்கள் என்பது...
அடுக்கிக்கொண்டே போகிறேன்.
உண்மையில் எனக்கும் தெரியாது.
ஜுனைதி தன் தேநீர்ப் பையின் உறிஞ்சுகுழலை
மிகவும் அடக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

குதிரையின் குணமறிந்துதான்
கொம்பு கொடுக்கவில்லை என்பார்கள்.
இந்தத் தீவில் கொம்பு
மணிக்குத் தொண்ணூறோடு முடிகிறது.
பதினொன்றும் லாயத்தில் நின்று
வைக்கோல் தின்னும், அவ்வளவுதான்.
இதை நான் சொல்வதில்லை. கடை நடக்க வேண்டும்.

திரையின் ஓரத்தில் சிறு கட்டம்.
வெப்பம் முப்பத்திரண்டு, ஈரம் எண்பத்தொன்று.
அதில் டிக் போட்டிருந்தால்
இருபத்தைந்து டிகிரியில் உலர்காற்று வீசும் ஏதோ ஓர் ஊரில்
இந்தக் கார் என்ன செய்திருக்கும் என்று சொல்லும்.
அந்த ஊருக்கு நாங்கள் யாரும் போனதில்லை.
எங்கள் எண்கள் எல்லாம்
அங்கேதான் குடியிருக்கின்றன.

மூன்றாவதாக கிம் ஹுவாட், மின்தூக்கி பழுதுபார்ப்பவர்.
மஞ்சள் கார். வியாழனோடு சிஓஇ முடிகிறது,
புதுப்பிக்கப் பணமில்லை என்று
எந்த வெட்கமும் இல்லாமல் சொன்னார்.
பட்டையைத் தானே முடுக்கினார்.
பிறகு என் தோள்வழியாகத் திரையைக் காட்டி:
"அந்த டிக்கை எடுத்துடு.
பத்து வருசமா இந்தக் காத்தைத்தான் குடிச்சுது."

நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
மறுபடி என்றார். நூற்றுத் தொண்ணூற்றாறு.
மறுபடி. தொண்ணூற்று மூன்று.
சூடேறிவிட்டது, போதும் என்றேன்.
மூன்றில் எதை அச்சடிக்க?
"கடைசி."
நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்,
பையின் பொத்தானையும் போட்டார்.

அவர் போனதும் யோகமலர் மெல்ல:
"எனக்கும் அத எடுத்துப் பாருங்க."
இருநூற்று முப்பத்திரண்டு.
"ஐயோ, இன்னும் ஒன்பது போச்சே!"
போகலம்மா. வந்ததே இல்ல.

அவள் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.
கீழே, மஞ்சள் கார்
ஒவ்வொரு வளைவிலும் சிக்னல் போட்டு
ஒவ்வொரு மாடியாக இறங்கும் சத்தம்.
நான்காவது வரை எண்ணினேன்.
அதற்குள் ஜுனைதி, தன்னுடையதிலும்
டிக்கை எடுத்துப் பார்க்க வேண்டாம் என்றான்.