மூன்றாம் மடிப்பு

பிப்ரவரி. கொக்கொலாவில் கடல்
கார் ஓட்டிப் போகுமளவு உறைந்து கிடக்கிறது.
சமையலறை மேசையில், பழைய துவாலைமேல்
ஹோண்டாவின் வேகமானி
குப்புறப் படுத்திருக்கிறது.

பகலில் நான் பல்செட் செய்கிறவள்,
முகம் தெரியாத வாய்களுக்கு
மெழுகில் கடைவாய் வடிப்பவள்.
அதனால் கருவிக்குப் பஞ்சமில்லை:
வளைந்த தகடு, கொக்கி ஊசி,
நகத்தைவிட மெல்லிய உளி.

குரோம் வளையத்தின் பின்விளிம்பு
டப்பாவின் உதட்டை மடித்துக் கவ்வியிருக்கும்.
ஒரேயடியாக நெம்பக் கூடாது.
அரை மில்லிமீட்டர் தூக்கு. நகரு.
அரை மில்லிமீட்டர். நகரு.
ஐந்தாவது சுற்றில்
பதினொரு மணித் திசையில் தகடு கிழிந்தது.

முதலில் என் கையைத் திட்டினேன்.
பிறகு லென்ஸை வைத்துப் பார்த்தால்
தழும்புகள். என்னுடையவை அல்ல.
அகல ஸ்க்ரூடிரைவர். அவசரக்காரன்.
தகரம் தொழிற்சாலையில் மடிந்த மடிப்பைத் தாங்கும்,
இரண்டாவதைப் பொறுத்துக்கொள்ளும்,
மூன்றாவதில் சொல்லிவிடும்.

கண்ணாடி கழன்றது. ரப்பர் வளையம்
கரியாக உதிர்ந்தது.
டப்பாவின் உட்சுவரில், பென்சிலில்:
71 402. ஓர் அம்புக்குறி. 21 000.
ஆண்டு 86.
அதற்கும் கீழே, எழுத்தைச் சுருக்கி,
மன்னிக்கவும்.

யாரிடம் கேட்டான்?
வாங்குகிறவன் இதைத் திறக்கப் போவதில்லை.
திறக்கிறவன்
பெரும்பாலும் அவனைப் போல இன்னொருத்தன்.

முகப்பில் இப்போது 38 114.
தைஸ்தோ எனக்கு விற்றபோது சொன்னான்: அசல் ஓட்டம்.
அவனுக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள்.
போன வாரம் போனில் நானும் சொன்னேன்,
ராஹேயிலிருந்து சனிக்கிழமை
டிரெய்லரோடு வரப்போகும் ஓஸ்மோவிடம்.
அதே இரண்டு சொல். அதே குரலில்கூட இருக்கலாம்.

மின்கட்டண உறையின் முதுகில் கூட்டிப் பார்த்தேன்.
எண்பத்தெட்டாயிரத்து ஐந்நூற்றுப் பதினாறு.
நடுவில் காணாமற்போனது
ஐம்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்:
பூமியை ஒரு சுற்று சுற்றி
இன்னும் கால் சுற்று போயிருக்கலாம்,
அத்தனை மழையும் அத்தனை கொசுவும்
யார்மீதும் விழாததாக ஆகிவிட்டது.

கண்ணாடியின் உட்பக்கம் துடைத்தேன்.
பஞ்சு தேநீர் நிறமானது.
எண் எழுதிய முகத்தை மட்டும் தொடவில்லை,
சாராயம் பட்டால் வெள்ளை கரைந்துவிடும்;
ஊதினேன், மெல்லிய தூரிகையால் வருடினேன்.
முள் நடுங்கித் தன் குச்சியில்
மறுபடி சாய்ந்துகொண்டது.

கொக்கி ஊசியின் நுனியில்
ஐந்து எண்சக்கரங்கள்.
ஒரு தள்ளு தள்ளினால் போதும்,
முப்பத்தெட்டு எண்பத்தெட்டாகும்.
தள்ளினேன்.
பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன்.
உண்மைக்குத் திருப்பினாலும்
அதற்குப் பெயர் திருப்புவதுதான்.

சைக்கிள் ட்யூபிலிருந்து ஒரு வளையம் வெட்டி
சிலிகோன் கிரீஸ் தடவி வைத்தேன்.
மேலே கண்ணாடி. மேலே குரோம்.
இடுக்கியின் வாயில் தோல் சுற்றி
நாலே இடத்தில் மடித்தேன்,
துணிக்கு ஓட்டுத்தையல் போட்டு வைப்பதுபோல.
பென்சில் வரிக்குக் கீழே நான் எதுவும் எழுதவில்லை.
சொல்ல வேண்டியவனுக்கு வாய்க்குமுன்
நாற்காலி போட்டுக் காபி வைக்கலாம்.

ஓஸ்மோ வரட்டும். அந்த நாலு மடிப்பை
அவனே பிரித்துப் பார்க்கட்டும்.
விலை குறைந்தால் குறையட்டும்;
வேண்டாமென்று வெறும் டிரெய்லரோடு போனால்
சாலையில் பனி அதிகம், மெதுவாகப் போகச் சொல்வேன்.

மீதி வட்டத்தை அதன்பின் மடிக்கலாம்.
கிழிந்த இடத்துக்கு ஒரு சொட்டு ரெசின்,
பல்லுக்கு வைக்கிறது, போதும்.
என்னிடம் இருப்பது பல்நிறம் மட்டும்தான்.
குரோம்மேல் பளிச்சென்று தெரியும்.
தெரியட்டும்.