பழுதுப் பதிவேடு

நேற்று மாலை ஊற்றியது.
கிருலப்பனை வாய்க்காலோரம், ஈரநிலப் பூங்காவின் நடைபாதை,
பதினாறு மீற்றர், நாலங்குலத் தடிப்பு.
நனைத்த சாக்கு போதவில்லை.
கடைசி மூன்று மீற்றர்
வானம் பார்த்துக் கிடந்தது.

காலையில் வந்தால்
அதன்மேல் ஒரு கபரகொய்யா போயிருக்கிறது.

போயிருக்கிறது என்றால்,
தண்ணீர்ப் பக்கமிருந்து ஏறி,
வாலை நடுவில் கயிறாய் இழுத்துக்கொண்டு,
காலுக்கு ஐந்து விரல்,
இடது பின்காலில் மட்டும் நாலு.
பாதிவழியில் படுத்திருக்கிறது,
வயிறு பட்ட இடம் மழமழவென்று.
அதற்குப் பிறகு அடிகள் எட்ட எட்ட விழுகின்றன.
வால் தரையைத் தொடவேயில்லை.

"நாய் துரத்தியிருக்கு" என்றார் அருளப்பு.
நாயின் கால் எங்கும் இல்லை.
குரைப்பு சீமெந்தில் பதியாது.

எஞ்சினியர் நிலந்த தொலைபேசியில்:
உடைத்து மறுபடி ஊற்றுங்கள்,
வெள்ளிக்கிழமை அமைச்சிலிருந்து வருகிறார்கள்.
நான் கணக்குப் போட்டேன்:
இரண்டு மூட்டை, அரைநாள் கூலி.

தேநீர் வரும்வரை
அருளப்புவுக்கு ஒரு படம் காட்டினேன்.
எங்கோ ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு,
வற்றிய படுக்கையில் மூன்று விரல் பள்ளங்கள்,
சுற்றிவர வேலி, காவலுக்கு ஆள்.
"கோழியா மிஸ்?"
டைனோசர். பதினொரு கோடி வருசம்.
பெருவிரலால் படத்தைப் பெருப்பித்து
நெடுநேரம் பார்த்தார்.
"அப்ப அங்க மேசன்மார் இருக்கல்ல போல."

முப்பத்தொரு வருசம்
பின்பக்கமாகவே நடந்தவர்.
பலகையில் குந்தி, கரண்டியை வீசி வீசி,
தான் மிதித்ததைத் தானே தடவி மூடியபடி
பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும்
எத்தனை முற்றம், எத்தனை நடைபாதை.
எதிலும் ஆள் வந்துபோன அடையாளம் கிடையாது.
அதற்குத்தான் கூலி.

தேநீர் குடித்துவிட்டு எழுந்தார்.
சின்னச் சட்டியில் கொஞ்சம் சீமெந்து குழைத்தார்.
கபரகொய்யாவைச் சுற்றிக்கொண்டு போய்
ஓரமாய் முழந்தாளிட்டார்.
அங்கே ஒரு சப்பாத்துக் குதி,
அரை அங்குல ஆழம்,
நேற்று இருட்டுப்படுகையில் அவசரத்தில் வைத்தது.
அவருடையது.

"அதை விடுங்களேன்" என்றேன்.
"சீ, அது பிழை வேலை மிஸ்."

கரண்டி இரண்டு தரம் போய் வந்தது.
பிறகு அங்கே ஒன்றுமில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
பழுது, ஒன்று. குதித்தடம்.
சரிசெய்யப்பட்டது.
மற்றதற்கு அந்தப் படிவத்தில்
நிரல் கிடையாது.
நிலந்தவின் அழைப்பு மறுபடி அடிக்கிறது.