பூமருதின் மீது ஒரு புகார்

யீஷூன், புளோக் 417,
கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய மரம்.
புகார் தந்தவர் திரு தியோ கிம் ஹோக், நான்காம் மாடி.
விவரம்:
"ஜனவரியில் குடிவந்தேன்.
போன வாரம் இந்த மரம் ஊதாவாக இருந்தது,
இன்று வெள்ளை.
யாரோ வேரில் பிளீச் ஊற்றுகிறார்கள்.
துப்புரவாளரின் வாளியைச் சோதிக்கவும்."

ரப்பர் சுத்தியல், அளவு நாடா, மஞ்சள் மேற்சட்டை.
காலை எட்டரைக்கே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.
மூன்று வாரமாக மழை இல்லை.
அதனால்தான் பூத்தது என்பதை
ஒரு புகாருக்கு எப்படிப் பதிலாக எழுதுவது?
தாகம் எடுத்தால் பூக்கிற சாதி இது.

தட்டினேன்.
பொந்து இருந்தால் காலிக் குடம் போலக் கேட்கும்.
கேட்கவில்லை.
சிமெண்டு வளையத்துக்குள் இறுகிக் கல்லான மண்,
பின்பக்கமாக வந்த ஏதோ ஒரு வேன் இடித்த வடு.
வடுவின் உதடுகள் பாதி மூடியிருந்தன.
யாரோ கொட்டிய கோப்பி,
ஏழாம் மாதத்துச் சாம்பல்,
குளிர்சாதனப் பெட்டிகள் சொட்டும் நீர்,
எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நிற்கிறது.
"வேர் நிலை: சுமார்" என்று எழுதினேன்.
அதன் முன்னால் நின்றுகொண்டு அப்படி எழுத
கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

துப்புரவாளர் பெயர் மொஷாரஃப்.
வாளி இல்லாமல் நின்றிருந்தார்.
வாளியையும் நீலப் பாட்டிலையும்
மேற்பார்வையாளர் முந்தாநாளே எடுத்துப் போய்விட்டாராம்.
"ஜாருல்" என்றார், மேலே காட்டி.
"எங்க ஊர்லயும் இருக்கு மேடம். இதுக்குத் தம்பி.
முதல்ல இப்படி"
கையை மூடிக் காட்டினார்.
"அப்புறம் போயிடும்"
விரித்தார்.
நான்கு பேரிடம் சொல்லியிருக்கிறார்.
நான்கு பேரும் பாட்டிலைத்தான் பார்த்தார்கள்.

மலாயில் புங்கோர், வங்காளத்தில் ஜாருல்,
எனக்குப் பூமருது.
மருதம் என்றால் வயல், மருதம் என்றால் ஊடல்
என்று உயர்நிலை மூன்றில் படித்து
தேர்வில் நெய்தலோடு குழப்பி
இரண்டு மதிப்பெண் இழந்திருக்கிறேன்.
இங்கே வயல் இல்லை.
ஊடல் நான்காம் மாடியில் இருந்தது,
மின்தூக்கியில் இறங்கி
அரைக்கால் சட்டையோடு வந்தது.

"பார்த்தீர்களா, செத்துக்கொண்டிருக்கிறது."

தாழ்ந்த கிளை ஒன்றை இழுத்து
அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.
கொத்தின் நுனியில், இன்று விடிந்தபோது விரிந்தது,
கத்தரிக்காய் ஊதா.
நடுவில் முந்தைய நாட்களின் பூ,
பலமுறை துவைத்த ரோஜா நிறம்.
அடியில் வெள்ளை,
கசக்கிப் பிரித்த காகிதம்.
"ஒரே கொத்து. ஒரே காம்பு.
நோய் இல்லை, வயது."

வெகுநேரம் பார்த்தார்.
பிறகு என் தலையைப் பார்த்தார்.
போன மாதம் தேக்காவில் பூசிய சாயம்
வகிட்டில் விட்டுக்கொடுத்திருந்தது.
"உங்களுக்கும் அடியிலிருந்துதான்" என்றார்.
மொஷாரஃப் சிரித்துவிட்டார்.
சிரிக்கலாமா என்று அப்புறம்தான் யோசித்தார்.

மன்னிப்புக் கேட்பார் என்று
நாங்கள் இருவரும் கொஞ்சநேரம் நின்றோம்.
கேட்கவில்லை.
"ஊதாவாக எத்தனை நாள்?" என்று கேட்டார்.
இரவு வேலையாம், துறைமுகத்தில்.
விடிந்து வந்து படுத்தால் மாலைதான் எழுவாராம்.
"ஒரே ஒரு தடவைதான் சரியாகப் பார்த்தேன்."
மறுபடி மழை ஓய்ந்து வெயில் நீண்டால் பூக்கும் என்றேன்.
தேதி கேட்டார்.
தேதி இல்லை என்றேன்.
அதற்கும் ஒரு புகார் எழுதுவார் போலத்தான் தெரிந்தது.

அவருடைய காரின் மேல்
மூன்று நிறமும் கிடந்தன.
துடைக்காமல் மாடிக்குப் போனார்.

மரத்தடியில் குந்தி படிவத்தை முடித்தேன்.
தலைப்பகுதி: நன்று.
தண்டு: நன்று.
ஆபத்து: இல்லை.
அடுத்த ஆய்வு: பதினெட்டு மாதம் கழித்து.
பூவுக்கென்று கட்டம் எதுவும் இல்லை.
மனிதருக்கும் இல்லை.
"நீக்கவேண்டிய கிளைகள்" என்ற கட்டம் காலியாக இருந்தது.
அதில் எழுதினேன்:
வாளியையும் பாட்டிலையும்
இன்றே திருப்பித் தரவும்.