மக்கும், மக்காத

அக்டோபர் முடியுமுன் இலைகளை மூட்டை கட்டிவிட வேண்டும்.
மேப்பிள் நல்லது. ஓக் இலை பிடிவாதக்காரி,
மூன்று வருஷமானாலும் முகம் மாறாது.
போன வருஷம் பதினோரு மூட்டை சேர்ந்தது.
சமையலறைக் கழிவு ஒரு வாளி என்றால்
அதன்மேல் இலை இரண்டு வாளி.
பனி விழுந்தபின் குவியலைக் கிளறக் கூடாது,
உள்ளே மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் சூடு
ஒரே இரவில் செத்துப்போகும்.

வெங்காயத் தோல், திராட்சை, கெட்டுப்போன சாக்லேட் கேக்
குவியலுக்குச் சரி, நாய்க்கு நஞ்சு.
ஆகவே கம்பிவலை.
வலைக்கு ஒரு கொக்கி.
கொக்கியை மூக்கால் தள்ள அவள் கற்றுக்கொண்டதால்
இரண்டு கொக்கி.

எனக்கு ரிமூஸ்கி நகராட்சியில் வேலை.
இரவு இரண்டு மணிக்கு வண்டியெடுத்து
ஆற்றோரச் சாலை நெடுக உப்புத் தூவுவேன்.
விடிந்து வீடு வந்ததும்
அவளை ஒரு நடை கூட்டிப்போய்,
வாசலில் வெந்நீர்ப் பேசின் வைத்து
கசோனாடின் பாதங்களைக் கழுவுவேன்.
(நாட்டுச்சர்க்கரை என்று பொருள். நிறமும் அதுவே.)
விரலிடுக்கில் வெடிப்பு, வெடிப்புக்குள் உப்பு,
நான் தூவிய அதே உப்பு.
"உன் சம்பளத்தைக் கழுவுகிறாய்" என்பாள் கிஸ்லேன்.
உப்பிட்டவன்மேல் அவளுக்குக் கோபமே இல்லை,
அடுத்த பாதத்தைத் தானே நீட்டுவாள்.

மெழுகு தடவலாம். காலணியும் மாட்டலாம்.
சிவப்பு ரப்பரில் நான்கு வாங்கினேன்.
டிசம்பர் ஒன்பதாம் தேதி மூன்றாயிற்று.

பக்கத்து வீட்டு நொர்மான்
ஜூலையில் இரண்டு முறை நகராட்சிக்கு எழுதியவன்,
குவியல் நாறுகிறது என்று.
இரண்டு கடிதமும்
என் மேசைக்கு எதிர்மேசையில்தான் வந்து விழுந்தன.
அதன்பின் வேலிக்கு இந்தப்பக்கம் அவன் பார்த்ததில்லை.

குவியலின் தெற்கு ஓரம் பனி தங்காது.
ஜனவரி முழுக்க அவள் அங்கேதான்,
முதுகை வலையில் சாய்த்து
நெருப்புப் பக்கம் உட்கார்ந்தவள் மாதிரி.

பதினான்கு வயது.
பிப்ரவரியில் ஒரு காலை பாதத்தை நீட்டவில்லை.

இந்த ஊரில் பிப்ரவரியில் யாரும் எதையும் புதைப்பதில்லை.
மனிதர்களையே வசந்தம்வரை காக்கவைக்கிறோம்.
நான் கடப்பாரை எடுத்தேன்.
ஆப்பிள் மரத்தடியில் தரை
தீப்பொறி தந்தது, மண் தரவில்லை.
சத்தம் கேட்டு நொர்மான் வந்தான், மண்வெட்டியோடு.
பேசவில்லை.
தாடையால் குவியலைக் காட்டினான்.

மூன்று பேருமாய் அதை நகர்த்தினோம்.
ஆவி எழும்பிக் கண்ணாடியை மறைத்தது.
நாற்றமும் இருந்தது. அவன் எழுதியது பொய்யில்லை.
அடியில் மண் கருப்பாய், ஈரமாய்,
ஒரு மண்புழு எரிச்சலோடு புரண்டது.
மண்வெட்டி முனகாமல் இறங்கியது.
ஆழமாய்த் தோண்டி, படுக்கவைத்து,
எல்லாவற்றையும் திரும்ப மேலே குவித்தோம்.
பனியில் கிளறக் கூடாது என்று முன்னே சொன்னேன்.
இது கணக்கில் வராது.

மே மாதம் மேலடுக்கை மட்டும் சலித்தேன்.
முட்டையோடு, அவகாடோ கொட்டை,
ஆப்பிளில் ஒட்டும் ஸ்டிக்கர்கள், எண் அழியாமல்,
கிஸ்லேன் ஐந்து மாதமாய்த் தேடிய தேக்கரண்டி,
ஒரு சிவப்புக் காலணி.
ஒரு கொக்கிக் காலத்தில் போட்டிருக்கிறாள்.
மக்காத குப்பை தனி வாளிக்கு,
நகராட்சி விதி, எனக்கா தெரியாது?
தேக்கரண்டியைக் கழுவினேன்.
ஸ்டிக்கர்களைப் பொறுக்கினேன்.
காலணியைத் திரும்ப உள்ளே போட்டேன்.

இந்த அக்டோபரில் பதினாறு மூட்டை.
ஐந்து நொர்மான் வேலிமேல் தூக்கிக் கொடுத்தது,
அத்தனையும் ஓக்.
மக்க மூன்று வருஷம் ஆகும் என்றேன்.
ஆகட்டும் என்றான்.