பதினேழாம் எண்

பட்டியலில் பதினேழு:
வாழைப்பழம், வேர்க்கடலை, கறித்தூள்.
என் கையெழுத்தில்தான் இருக்கிறது,
என் சம்மதத்தோடு அல்ல.

கடையை விற்றவன் சாவியோடு
இந்த பீட்சாவையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனான்.
"எடுத்துவிடாதே ரோஜ்ஹாத்,
கிரூனாவில் பாதிப் பேர் இதற்குத்தான் வருவார்கள்."
வருகிறார்கள்.
பூட்ஸின் பனியை வாசலில் உதறிவிட்டு,
சுரங்கத் தூசு இமையில் ஒட்டியிருக்க,
பதினேழு, பதினேழு என்கிறார்கள்
ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடுவது போல.
பள்ளம் விழுகிறதென்று நகரத்தையே பெயர்த்து
மூன்று கிலோமீட்டர் தள்ளி வைத்தாயிற்று.
பதினேழை மட்டும் அசைக்க முடியவில்லை.

என் பெயருக்கு எங்கள் மொழியில்
பொழுது விடிந்தது என்று பொருள்.
டிசம்பரில் இங்கே அதைச் சொன்னால்
ஜன்னலைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

எனக்குப் பிடித்ததா?
காகிதம்போல் தேய்த்த மாவு.
கொத்துக்கறி, அதுவும் ஒரு பூச்சுத்தான்.
பச்சை வெங்காயம், பார்ஸ்லி,
புளிக்கப் புளிக்க ஒரு சிட்டிகை சுமாக்.
சீஸ் கூடவே கூடாது.
சுருட்டு. நின்றபடி கடி.

ரிஸ்தேனுக்கு அதுவும் ஆகாது.
பனிமான் மேய்ப்பவள். பையில் எப்போதும்
சோம்பு மணக்கும் காஹ்கு இருக்கும்.
ஒன்றைப் பிய்த்து என் மேசையில் வைப்பாள்.
"இது ரொட்டி. உன்னுடையது தபால் உறை."
"உன்னுடையது தலையணை" என்பேன்.
பனிமான் இறைச்சி போட்ட இருபத்திரண்டை
வாங்கிக்கொண்டு போவாள்,
காளானை மட்டும் என்னிடமே பொறுக்கிக் கொடுத்துவிட்டு.

ஜனவரியில் சாலை மூடியது.
தெற்கிலிருந்து லாரி இல்லை.
மூன்றாம் நாள் சீஸ் தீர்ந்தது,
நான்காம் நாள் பழம்.
ஒளிப்பானேன், சந்தோஷப்பட்டேன்.
கரும்பலகையில் எழுதினேன்:
இன்று ஒன்றே ஒன்று. என்னுடையது.

பனி அள்ளும் வண்டி ஓட்டும் ஹோகன் வந்தார்.
பலகையைப் படித்தார். மறுபடி படித்தார்.
கோட்டின் உள்பைக்குள் கைவிட்டு
ஒரு வாழைப்பழத்தை எடுத்து வைத்தார்,
கறுத்து, வண்டிச் சூட்டில் குழைந்து.
"இதைப் போட முடியுமா?"

என் கொத்துக்கறியின் மேல்!
சுமாக்கின் மேல்!

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மூடிய அந்தச் சாலையைத்தான்
விடியாத விடியலிலிருந்து
வழித்துக்கொண்டிருந்தார் மனிதர்.
கத்தியை எடுத்து
வட்டம் வட்டமாக அரிந்தேன்.

தின்றார். விரல்களைத் துடைத்தார்.
"கறித்தூள் கொஞ்சம் குறைச்சல்" என்றார்.

கடை சாத்தியபின் தட்டில்
ஒரு துண்டு மிச்சம்.
அடுப்பு ஆறும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு தின்றேன்.
நன்றாக இல்லை.
நாளை ரிஸ்தேன் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்,
நன்றாக இல்லை.
சுமாக் இன்னும் ஒரு சிட்டிகை
தூக்கலாக இருந்திருக்கலாம்,
அவ்வளவுதான்.