நாற்பத்தாறு வயதுக்கு ஒரு படம்

கரடிப்போக்குச் சந்தியில் என் ஸ்ரூடியோ.
அடையாள அட்டைக்கு என்றால் பத்து நிமிடம்.
கலியாண அல்பத்துக்கு மூன்று கிழமை,
அதில் பாதி கன்னங்களுக்கே போய்விடும்.
பொம்பிளையின் கன்னம் ஒட்டிக் கிடந்தால் கொஞ்சம் ஊதுவேன்.
மவுஸால் செய்கிற வேலை,
நோகாது, இரத்தம் வராது.

சோழகம் புழுதியை அள்ளிக் கண்ணாடிக் கதவில் எறிந்த ஒரு மத்தியானம்
கோசலாதேவி வந்தா. ஸ்காபரோ.
படிவத்தில் ஐம்பத்திரண்டு.
கமராவுக்குள் பார்த்தேன்:
கழுத்து ஐம்பத்திரண்டு,
கைகள் அறுபதுக்குக் கிட்ட,
கன்னம் மட்டும் இன்னும் முடிவெடுக்கவில்லை.
இந்த வயதில் வெளிச்சம்
மூக்கோரமாய் இறங்கி வாயடியில் தேங்கும்.
இவவிடம் அது எலும்பில் ஏறி
அங்கேயே குந்தியிருந்தது.

"என்ன பார்க்கிறியள்? ஃபில்லர்தான் தம்பி.
முதல் போட்டவன் மூக்குக்குக் கிட்ட அள்ளிப் போட்டிட்டான்.
சும்மா நிக்கேக்கை வடிவு.
சிரிச்சால் கண் ரெண்டும் தாண்டு போகும்.
அம்மா, படத்துக்குச் சிரிக்காதேங்கோ எண்டாள் மகள்.
காசு குடுத்துக் கரைச்சன்.
பிறகு ஒரு ஈரான்காரி, வெள்ளைப் பென்சிலாலை மூண்டு புள்ளி வைச்சாள்.
காதுப்பக்கம் எலும்புக்கு மேலை ஒண்டு,
கண்ணோரச் சரிவிலை ஒண்டு,
கண்ணுக்குக் கீழை, ஆழத்திலை, ஒரேயொரு துளி.
கொழுப்பு மட்டும் இறங்கிறேல்லையாம், எலும்பும் தேயுமாம்.
கம்பு கட்டையானால் தறப்பாள் தொய்யும்தானே,
அது எங்களுக்குத் தெரியாதே?"

படம் எடுத்தேன்.
காசெடுக்கக் கைப்பையைத் திறந்தவ
வேறொரு படத்தை மேசையில் வைத்தா.
ஓரமெல்லாம் தண்ணீர் குடித்த படம்.
நவநீதன். தம்பி. இருபத்தொன்பது வயது.
கன்னம் நிறைந்து,
இப்போதுதான் சோறு தின்றுவிட்டு வந்தவன் போல.

"இவனை நாற்பத்தாறாக்கித் தாங்கோ.
ஒவ்வொரு அலுவலகத்திலையும் இந்தப் படத்தைத்தான் வாங்கி வைக்கினம்.
இந்த முகத்தோடை இப்ப ஆரும் இல்லை.
இதை வைச்சுத் தேடினால் ஆர் பிடிபடுவான்?"

எனக்கு ஊதத்தான் தெரியும்.
நரை போட்டேன்.
பள்ளிக்கூட நாடகத்தில் கிழவன் வேசம் கட்டிய
பொடியனாய் நின்றான்.
நெற்றியில் கோடு கீறினேன்,
இன்னும் பகிடியானான்.

கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தா.
தன் முகத்தில் விரலை வைத்தா.
"எனக்குப் போட்ட இடமெல்லாம்
அவனுக்கு எடுங்கோ."

காதுப்பக்க எலும்பின் மேல் கொஞ்சம் எடுத்தேன்.
திரையில் ஒருவன் வேலைக்குப் போய்வரத் தொடங்கினான்.
கண்ணோரச் சரிவில் எடுத்தேன்.
கடன்பட்டான்.
கண்ணுக்குக் கீழே அந்த ஒரு துளி,
அதைத் தொட இரண்டு பேருக்கும் பயம்.
மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.
தொட்டேன்.
நித்திரை இல்லாத ஒரு மனிசன்
எங்கள் இருவரையும் பார்த்தான்.

"காணும்" என்றா.
பிறகு, "இல்லை, இடப்பக்கம் இன்னும் கொஞ்சம்.
இவன் இடப்பக்கம் சரிஞ்சுதான் படுக்கிறவன்."

படிவத்தில் விண்ணப்பிப்பவரின் படமும் வேண்டுமாம்.
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
ஆறு வயது மூத்த அக்காவைவிடத்
தம்பி மூத்திருந்தான்.
நான் மவுஸை அசைக்கவில்லை.

"வந்தால்" என்றா,
"என்னைத்தான் அவனுக்கு மட்டுப்பிடிக்கேலாமல் போகும்."

சொல்லிவிட்டுச் சிரித்தா.
கண்கள் இரண்டும் தாழவில்லை,
திறந்தபடியே இருந்தன.
அந்த ஈரான்காரி
வேலை தெரிந்தவள்.